ஒரே தடவை கேட்ட டீ

தண்ணீரை எண்ண முடியாது என்று ஏழு வருஷம் பாடம் நடத்தியவன் நான். பால், மோர், டீ, காப்பி எதையும் எண்ண முடியாது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு முன்னால் 'எ' போடக்கூடாது, பின்னால் 'எஸ்' ஒட்டக்கூடாது. எண்ணியே தீரவேண்டும் என்றால் கோப்பையை எண்ணு, கிளாஸை எண்ணு, உள்ளே இருப்பதைத் தொடாதே. குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் மிடில் ஸ்கூலில் இரண்டாம் பாரத்துக்கும் மூன்றாம் பாரத்துக்கும், இன்றைய கணக்கில் ஏழாவது எட்டாவது வகுப்புகளுக்கு, நான்தான் இங்கிலீஷ் வாத்தியார். எவனாவது 'டூ டீஸ்' என்று எழுதிவிட்டால், என் சிவப்புப் பென்சில் போடுகிற கோட்டில் அடியில் இருக்கிற தாளும் சேர்ந்து கிழியும். அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. தலைக்கனம் மட்டும் அறுபது வயதுக்காரனுக்கு உரியது இருந்தது.

இத்தனைக்கும் தினமும் சாயங்காலம் பாலத்துப் பக்கத்துச் சாயாக்கடையில் போய் உட்கார்ந்து 'ரெண்டு சாயா' என்று சத்தமாகச் சொல்கிறவன் நானேதான். அது தமிழ், அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பதநீரை அக்கானி என்போம். பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடிப்பதால் ஒரு பட்டை, இரண்டு பட்டை என்று கணக்கு. மோரை யாரும் எண்ணமாட்டார்கள். காலையில் ஒருவரைப் பார்த்துக் 'காப்பி குடிச்சாச்சா' என்று கேட்டால் புட்டும் பயறும் பழமும் எல்லாம் அந்தக் காப்பிக்குள் அடக்கம். இவ்வளவு வேடிக்கை நம் வாயிலேயே நடக்கிறது என்று அப்போது நான் யோசித்ததில்லை. தாய்ப்பாலோடு வந்த பாஷைக்கு இலக்கணம் எதற்கு என்கிற நினைப்பு.

பள்ளிக்கூடத்துக்கு அடுத்த காம்பவுண்டில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு போர்டிங் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மதாம்மா புதிதாக வந்திருந்தார். வெள்ளைக்காரப் பெண்களை எங்கள் ஊரில் மதாம்மா என்றுதான் சொல்வோம். அவர் தமிழ் படிக்க ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் எழுதும் தமிழ்க் கடிதங்களைப் படித்து இங்கிலீஷில் சொல்வதற்காகச் சனிக்கிழமைதோறும் நான் அவருடைய பங்களாவுக்குப் போவேன். அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, கொல்லத்திலிருந்து மதாம்மாவுக்கு விருந்தாளிகள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மதாம்மா சமையற்காரரைக் கூப்பிட்டு, "த்ரீ டீஸ் அண்ட் எ காபி, ப்ளீஸ்" என்றார்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. முந்தின நாள்தான் மூன்றாம் பாரத்தில் பாதிப் பேருக்கு இதே குற்றத்துக்காக மார்க்கைக் குறைத்திருந்தேன். இங்கிலீஷிலேயே பிறந்த ஒரு பெண்பிள்ளை டீயை மூன்று என்று எண்ணிவிட்டு, காப்பிக்கு முன்னால் ஒரு 'எ'யையும் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்தக் காப்பி எனக்கு வந்த காப்பி. அதில் சர்க்கரை இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாளே சந்தையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மேலே 'பானம்' என்று எழுதினேன். அடுத்த சனிக்கிழமைகளில் கடிதம் படித்த நேரத்தைவிட மதாம்மா வாயைப் பார்த்த நேரம்தான் அதிகம். ரொட்டியை எண்ணுகிறார்களா என்று பார்த்தேன். இல்லை. சோற்றை, வெண்ணெயை? இல்லவே இல்லை. சாப்பிடுகிற பொருளெல்லாம் நான் நடத்திய இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு ஒழுங்காக இருந்தது. குடிக்கிற பொருள் வந்தால்தான் கட்டு அவிழ்ந்தது. அதிலும் தண்ணீரை அவர்கள் எண்ணவில்லை, பாலை எண்ணவில்லை. யாராவது ஒருவர் உள்ளே போய்த் தயாரித்துக் கொண்டுவரவேண்டிய பானமாக இருந்தால்தான் எண்ணிக்கை. எங்கள் சாயாக்கடையிலும் இதே கதைதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கண்டுபிடிப்பு அன்று எனக்குக் கொடுத்த சந்தோஷம், என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை என்று மனைவியிடமே சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை.

இன்னும் இருந்தது. கேள்வியில் 'எனி' வரும், பதிலில் 'சம்' வரும் என்பது நான் கரும்பலகையில் கட்டம் போட்டு நடத்துகிற பாடம். பேனா இருக்கிறதா, புத்தகம் இருக்கிறதா என்று மதாம்மா கேட்டபோதெல்லாம் 'எனி'தான் வந்தது. டீ வேண்டுமா என்று விருந்தாளியைக் கேட்கும்போது மட்டும் "வில் யூ ஹேவ் சம் டீ?" என்றார். ஒரு நாள், கையில் கோப்பையோடு எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளிடம், "டிட் யூ வாண்ட் ஷுகர்?" என்று கேட்டார். இன்றைக்கு, இந்த நிமிஷத்தில் வேண்டிய சர்க்கரைக்கு இறந்தகாலம். நெருங்கினவர்கள் என்றால் எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. புருவத்தைத் தூக்கி "டீ?" என்றால் ஒரு முழு வாக்கியம் முடிந்தது.

எல்லாவற்றையும் எழுதினேன். சமையற்காரருக்கு என்மேல் சந்தேகமே வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அந்தப் பங்களாவில் இருக்கிறவர், எத்தனையோ மதாம்மாக்களைப் பார்த்தவர். இவன் பங்களாவில் செலவாகும் தேயிலையைக் கணக்கெடுக்கிறானோ என்று நினைத்தாராம். நான் அவருக்கு என் கொள்கையை விளக்கினேன். விருந்தாளிக்குக் குடிக்கக் கொடுக்கிற இடத்தில் வெள்ளைக்காரர்கள் இலக்கணத்தைக் கொஞ்சம் வளைத்துக்கொள்கிறார்கள், கேட்பவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அப்படியும் இருக்கும் என்றார்.

இந்த விஷயத்தை வகுப்பில் போய்ச் சொன்னேனா என்றால், இல்லை. குறைத்த மார்க்கைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம்தான் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அவளை இராஜாக்கமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தான் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டார். பத்து வயதில் ஒரு மகள். அத்தானின் அண்ணன், பெண்பிள்ளைக்கு நாலாம் வகுப்பு போதும், இனி வீட்டு வேலை படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு, உடுதுணி வைத்த ஒரு தகரப்பெட்டியோடு என் வாசலில் வந்து இறங்கினாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அக்கா வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. என் மனைவி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அடுக்களையில் இரண்டு பெண்களும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு நடப்பதை நான் பார்த்தேன். அந்த மரியாதையைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அத்தானின் அண்ணன் வேறு, வருஷப் பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிப்போக வருவதாக ஆள் அனுப்பியிருந்தார்.

அப்போதுதான் போர்டிங்கில் மேட்ரன் வேலை காலியாயிற்று. இருந்த அம்மாளுக்கு வயதாகி, மகன் வீட்டுக்குப் போகிறார். மேட்ரனுக்குக் காம்பவுண்டுக்குள்ளேயே தனி அறை. பிள்ளை இருந்தால் அங்கேயே தங்கிப் படிக்கலாம். அக்கா பழைய மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவள், நாற்பது பேருக்குச் சமைக்கத் தெரிந்தவள், பிள்ளைகளின் பேன் முதல் பிடிவாதம் வரை கையாளத் தெரிந்தவள். மதாம்மாவிடம் பேசுகிற அளவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ்தான் குறை. அதற்குத்தான் தம்பி இருக்கிறேனே என்று மார்தட்டினேன்.

மூன்று வாரம் அவளுக்குப் பாடம் நடத்தினேன். என் பானம் நோட்டுப் புத்தகம்தான் பாடப் புத்தகம். பங்களாவில் எந்தப் பேச்சும் டீயில்தான் தொடங்கும், ஆகவே டீயில் தவறினால் எல்லாம் தவறும் என்பது என் கட்சி. 'டூ டீஸ்' என்று நான் சொல்லிக்கொடுத்ததும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏலே, பள்ளிக்கூடத்துல பிள்ளியளுக்குத் தப்புன்னு கோடு கிழிக்கதத்தானே எனக்குச் சரின்னு சொல்லித் தாற?"

அது வேறு, இது வேறு என்று மழுப்பினேன். நான் சொல்லிக்கொடுத்ததிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது 'நோ, தேங்க் யூ'. வேண்டாம் என்று சொல்லும்போதே நன்றியும் சொல்லிவிடலாம் என்பது அவளுக்கு அதிசயமாக இருந்தது. நம்மிடம் அப்படி ஒரு சொல் இல்லையே என்றாள். என் மனைவி இரண்டாவது அகப்பை கஞ்சியோடு வந்தால் 'நோ, தேங்க் யூ'. முற்றத்தில் வந்து கரைகிற காக்கையிடமும் 'நோ, தேங்க் யூ'. வந்த நாள் முதல் அந்த வீட்டில் சிரிக்காத அக்கா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மகளும் கூடச் சேர்ந்துகொண்டாள். உச்சரிப்பு சுத்தமாக விழுந்தது. நான் பூரித்துப்போனேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்று சொல்லவேண்டும். அவர்கள் மறுபடி கேட்பார்கள். இல்லை, வெயிலில் வந்தது, வயிறு சரியில்லை என்று சொல்லவேண்டும். மூன்றாவது தடவை கேட்டால், சரி, பாதி கிளாஸ் போதும் என்று சொல்லி முழு கிளாஸைக் குடிக்கவேண்டும். முதல் தடவையிலேயே சரி என்றவன் காணாததைக் கண்டவன். ஒரு தடவை கேட்டு நிறுத்தியவன் செய்தது உதட்டு உபசாரம். காப்பிக்கு மட்டும் இல்லை. பெண் கேட்டு வந்தால் முதல் தடவை பிடிகொடுக்கக் கூடாது. திருச்சபையில் மூப்பராக இருங்கள் என்று போதகர் ஐயர் வந்து கேட்டால், எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று இரண்டு தடவை மறுத்த பிறகுதான் ஒப்புக்கொள்ளவேண்டும். முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்ட ஒருவரைப் பற்றி எங்கள் சபையில் வெகுகாலம் பேசினார்கள். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மூச்சு விடுவதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

மதாம்மா வரச்சொன்ன நாளில் சாயங்காலம் நாலு மணிக்குப் போனோம். அக்கா வெள்ளைச் சேலை உடுத்து, மத்தியானத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தாள். பயத்தில் இறங்கவில்லை. நான் வராந்தாவின் கோடியில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பேச்சு எல்லாம் காதில் விழுந்தது.

"வில் யூ ஹேவ் சம் டீ?" என்றார் மதாம்மா.

"நோ, தேங்க் யூ" என்றாள் அக்கா.

முத்து உதிர்ந்ததுபோல் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மதாம்மா தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார். பிறகு பேச்சு நடந்தது. மதாம்மா அரைகுறைத் தமிழில் கேட்டார், அக்கா அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள். இரண்டும் நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொண்டன. பிள்ளைகளுக்கு அம்மை போட்டால் என்ன செய்வாய் என்ற கேள்விக்கு அக்கா வேப்பிலையையும் சொன்னாள், ஆஸ்பத்திரியையும் சொன்னாள். மதாம்மா இரண்டு தடவை சத்தமாகச் சிரித்தார். கடைசியில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இந்த வேலையை எடுத்துக்கொள்கிறாயா என்று நேராகக் கேட்டார்.

"நோ, தேங்க் யூ" என்றாள் அக்கா.

இந்தத் தடவை முன்னதைவிட நன்றாக இருந்தது. மதாம்மா சற்று நேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு புரிகிறது என்று மெதுவாகச் சொல்லி எழுந்து, வாசல்வரை வந்து கைகொடுத்து அனுப்பினார்.

நாங்கள் சந்தோஷமாக வீடு திரும்பினோம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். வழியெல்லாம் நான் அவளுடைய உச்சரிப்பைப் புகழ்ந்துகொண்டு வந்தேன். மதாம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை. முதல் தடவை கேட்டாயிற்று, இனி ஆள் அனுப்பிக் கேட்பார்கள். அநேகமாக ஐயரையே அனுப்புவார்கள் என்றேன். என் மனைவி வீட்டை மெழுகி, வருகிறவர்களுக்கு என்று முறுக்குச் சுட்டு வைத்தாள். அக்கா தகரப்பெட்டியில் துணிகளை மடித்து அடுக்கிக் கயிற்றால் கட்டினாள். திங்கட்கிழமை யாரும் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை மதாம்மா நாகர்கோவில் போயிருந்ததால் எனக்குப் பங்களாவில் வேலை இல்லை. முறுக்கைப் பிள்ளையே தின்று தீர்த்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தையில் பங்களாச் சமையற்காரரைப் பார்த்தேன். சாயாக்கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு சாயா சொல்லிவிட்டு, மேட்ரன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். உங்கள் அக்காதான் வேண்டாம் என்று சொல்லியாயிற்றே என்றார் அவர். அதற்குப் பிறகு அருமனையிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்தார்களாம். புருஷன் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், கடிதம் நின்றுபோன பெண். அவளும் வேண்டாம் என்றுவிட்டாளாம். இனி நாகர்கோவிலில் யாருக்கோ எழுதப்போகிறார்களாம்.

அக்கா உண்மையாக வேண்டாம் என்று சொல்லவில்லை என்றேன். இன்னொரு தடவை கேட்பார்கள் என்றுதான் காத்திருக்கிறோம் என்றேன். அவர் கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் இருந்தது பரிதாபம்.

"சாரே, அவிய ஒருக்காதான் கேப்பாவ. வேண்டாம்னா வேண்டாம்தான். மறுபடியும் கேட்டா நம்மள நெருக்குனது போலன்னு அவியளுக்கு நெனப்பு. நீங்க இத்தற நாளு அங்கன இருந்து எல்லாத்தையும் எழுதுனியளே, இத எழுதல்லியா?"

எழுதவில்லை. டீயை அவர்கள் எப்படி எண்ணுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்தவன், டீ வேண்டுமா என்று எத்தனை தடவை கேட்கிறார்கள் என்பதை எண்ணவே இல்லை. கேள்வி எப்போதும் கண்ணெதிரே ஒற்றையாகத்தான் நின்றிருக்கிறது. நான் அதன் எழுவாயையும் காலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று என்னைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. இந்தச் சறுக்கலில் விழுந்தது நான் இல்லையே.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அந்த ஒரு சொல்லை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான், என்னை நாலு அடி அடி என்றேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். மகள் எங்கே என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதை நாம் மறந்துபோனோம் என்று மட்டும் சொன்னாள். அப்படியே முகம் கழுவி, வேறு சேலைகூட மாற்றாமல் வாசலில் இறங்கினாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன்.

பங்களாவில் மதாம்மா கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஆச்சரியப்பட்டு எழுந்து, பழக்கப்படி, "வில் யூ ஹேவ் சம்..." என்று தொடங்கினார். அவர் முடிக்கும் முன்னே அக்கா, "யெஸ், ப்ளீஸ். டூ டீஸ்" என்றாள். என்னையும் சேர்த்துத்தான்.

டீ வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக, விரல்விட்டு எண்ணிக் காட்டிச் சொன்னாள். எங்கள் ஊரில் முதல் 'நோ' மரியாதைக்கு. இரண்டாவது 'நோ' அதைவிட மரியாதைக்கு. மூன்றாவது கேள்விக்குத்தான் பதில். அன்றைக்கு நான் சொன்னது முதல் 'நோ'. எனக்கு இந்த வேலை வேண்டும். எனக்கும் வேண்டும், என் பிள்ளைக்கும் வேண்டும்.

மதாம்மா உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெண்களைக் கேட்டு இரண்டு பேரும் மறுத்தபோது, தன்னிடம் வேலை செய்ய யாருக்கும் இஷ்டமில்லை என்று நினைத்து அழுததாகச் சொன்னார். தன் தாய்க்கு அப்படியே எழுதியும் விட்டாராம். மேசைமேல் இருந்த, நாகர்கோவிலுக்குப் போகவேண்டிய கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். அக்கா சரி என்றாள்.

அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடியவில்லை. மதாம்மா, டீ வேண்டுமா என்று கேட்கும்போது மட்டும் ஏன் 'எனி' வராமல் 'சம்' வருகிறது என்று கேட்டுவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பங்களாவே எரிந்திருக்கும். மதாம்மா அதைப்பற்றித் தான் யோசித்ததே இல்லை என்றார். கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றி வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். 'எனி' என்றால் உனக்கு வேண்டுமோ வேண்டாமோ எனக்குத் தெரியாது என்பதுபோல, 'சம்' என்றால் நீ சரி என்று சொல்வாய் என்று நம்பிக் கேட்பதுபோல என்றார். அப்படியானால் அந்த ஒற்றைக் கேள்வியிலேயே நம்முடைய மூன்று கேள்வியும் இருந்திருக்கிறது. அதை நோட்டுப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். அடுத்த நாள் மூன்றாம் பாரத்துக்குப் போய், குறைத்த மார்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். பையன்கள் எனக்குக் காய்ச்சலோ என்று பார்த்தார்கள்.

அன்று பங்களாவிலிருந்து திரும்பும்போது அக்கா வேகமாக முன்னால் நடந்தாள். சந்தோஷத்தில் கால் தரிக்கவில்லை என்று நினைத்தேன். ஆற்றங்கரைக்கு வந்ததும் நின்றாள்.

"மக்கா, அந்த அருமனைக்காரியும் இப்பம் வாசலப் பாத்துக்கிட்டுதான் இருப்பா."

நமக்கென்ன, கிடைத்ததைப் பார் என்றேன். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள் என்றும் சொன்னேன். அக்கா மறுபடி நடக்கத் தொடங்கினாள். அந்த மாதமே தகரப்பெட்டியோடும் மகளோடும் போர்டிங்குக்குப் போய்விட்டாள். அத்தானின் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, பிள்ளையின் தலையைத் தடவிவிட்டுத் திரும்பிப் போனார். அக்காவோ அருமனையை மறக்கவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து போர்டிங்கில் பிள்ளைகள் கூடிப்போனார்கள். சமையலைக் கவனிக்க இன்னொரு பெண் வேண்டும் என்று மதாம்மா சொன்னதுதான் தாமதம், அக்கா ஒரே பிடியாக நின்றாள். ஒரு வெள்ளிக்கிழமை மதாம்மா, அக்கா, நான் மூன்று பேருமாக அருமனைக்குப் போனோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓலை மேய்ந்த சின்ன வீடு. அந்தப் பெண் எங்களைக் கண்டு திகைத்துப் பாய் விரித்தாள். மதாம்மாவுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கருப்பட்டிக் காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டாள். அக்கா ஒழுங்காக இரண்டு தடவை வேண்டாம் என்றாள். அவள் ஒழுங்காக மூன்று தடவை கேட்டாள். காப்பி வந்தது. மதாம்மா எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நோட்டுப் புத்தகம் வேண்டியிருந்தது அவருக்குத்தான்.

குடித்து முடித்ததும் மதாம்மா தமிழில் கேட்டார். வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பழகிய வாக்கியம். "எங்களோடு வேலைக்கு வருகிறீர்களா?"

வேண்டாம் அம்மா, எனக்கு என்ன தெரியும் என்றாள் அவள். மதாம்மா பழக்கதோஷத்தில் ஸ்டூலைவிட்டுப் பாதி எழுந்துவிட்டார். அக்கா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். மதாம்மா மறுபடி கேட்டார். வேண்டாம், மாமியாருக்கு முடியவில்லை என்றாள். மாமியார் அடுக்களை வாசலில் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தார். மடியில் வைத்திருந்த கையில் மதாம்மா மூன்றாவது விரலை மடக்குவதைப் பார்த்தேன். மதாம்மா மூன்றாவது தடவையும் அதே வாக்கியத்தைக் கேட்டார்.

அந்தப் பெண் காலி கிளாஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். அறை மூலையில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது.

"நீங்க கேட்ட அண்ணைக்கே கெட்டுன பெட்டி. நான் இன்னும் அவுக்கல்ல" என்றாள்.